குடையா, போர்வையா? மும்பை மாடிக்கேற்ற பாலிதீன் குடில்

ஜூலைத் திங்களில் மாதுங்காச் சந்தைக்குச் சென்று கொத்தமல்லிக் கட்டின் விலையைக் கேட்டவர்களுக்கு, இக்கட்டுரை எதற்காக என்பதை நான் நெடிது விளக்க வேண்டுவதில்லை. மழை தொடங்கிவிட்டால் கீரை அழுகுகிறது. கொத்தமல்லி மண்ணோடு மண்ணாகச் சாய்கிறது. தக்காளி இலையில் கரும்புள்ளி படர்கிறது. வயலில் விளைவதற்கே இந்தக் கதி என்றால், மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் செம்பூரில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கீரைத் தோட்டம் போட்டு, அதன்மேல் ஒரு பாலிதீன் குடில் அமைக்க முனைந்துள்ளனர். கட்டடச் சங்கத்தாரும் இசைந்துவிட்டனர். பணமோ உறுப்பினர் சந்தா. விடுதிச் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. ஆதலால் எந்தக் குடிலை வாங்குவது என்பது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. தாராவியில் மாமா வீட்டில் தங்கி வேதியியல் முதுகலை படிக்கும் என்னிடம், “நீதானே பிளாஸ்டிக்கைப் பற்றிப் படிக்கிறவன், நீயே சொல்” என்று பொறுப்பை ஒப்படைத்தார்கள். எனக்குத் தெரிந்ததைக் கணக்கோடு எழுதுகிறேன். கணக்கில் ஐயம் உள்ளவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் பெயர். வளைத்த குழாய்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டினால் அது பாலிடனல். அதனையே பெரிதாகவும் உயரமாகவும் கட்டினால் பாலிஹவுஸ். நம் தோட்டக்கலைத் துறையார் பசுமைக்குடில் என்பர். ஓசூர்ப் பக்கம் ரயிலில் சென்றவர்கள், ரோஜா வளர்க்கும் வெண்ணிறக் கூடங்களைச் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அவற்றின் சின்னத் தம்பிதான் நாம் வாங்கப் போவது.

இந்தப் பொருள் பழையது அன்று. பாலிதீனே 1933ஆம் ஆண்டில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் கிப்சன், பாசெட் என்னும் இரு வேதியியலார், வேறொன்றைத் தேடி எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று கலத்தில் தங்கியிருக்கக் கண்டனர். கண்ணாடி வீடு கட்டப் பணம் இல்லாத அமெரிக்கப் பேராசிரியர் எம்மர்ட், கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளை மரச்சட்டத்தில் போர்த்திச் செடி வளர்த்துக் காட்டினார். ஆக, கையில் காசில்லாத ஒருவர் கண்ட வழி இது. நமக்கு இதைவிடப் பொருத்தமான பரம்பரை வேறு ஏது?

ஆனால் எம்மர்ட் இருந்த ஊர் குளிரூர். அவருக்குக் குடில் தேவைப்பட்டது வெப்பத்தைச் சேர்த்து வைக்க. இமயத்தின் உச்சியில் லே நகரில், பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த உயர்மலை ஆராய்ச்சி நிலையத்தார் பாலிதீன் குடில்களில் காய்கறி விளைவிக்கிறார்கள். அங்கும் நோக்கம் வெப்பமே. மும்பையிலோ சனவரித் திங்களில்கூட இரவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 17 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது. நம் கீரைக்கு இது குளிரே அன்று. இந்த ஊரில் செடியின் பகை மழை. தமிழகத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மி.மீ.க்குச் சற்று மேல். மும்பையில் ஜூலை ஒரே மாதத்தில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது, நம் ஊரில் ஓராண்டு முழுதும் பெய்வது இங்கே ஒரு நாளில் பெய்து முடிந்தது.

எனவே நாம் தேடுவது போர்வை அன்று; குடை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், கடையில் காட்டும் பொருள்களில் பாதியைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம்.

ஏன் என்பதற்குச் சிறிது பௌதிகம் வேண்டும். கண்ணாடி வீடு எப்படிச் சூடாகிறது? “ஒளியை உள்ளே விடுகிறது, வெப்பக் கதிரை வெளியே விடுவதில்லை” என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். 1909ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆர். டபிள்யூ. உட் இதனைச் சோதித்தார். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள், உட்புறம் கறுப்பு. ஒன்றின் வாயைக் கண்ணாடியாலும் மற்றதன் வாயை இந்துப்புப் பாளத்தாலும் மூடினார். கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுக்கும். இந்துப்போ தடையின்றி விட்டுவிடும். இரண்டையும் வெயிலில் வைத்தால் கண்ணாடிப் பெட்டி மிகுதியாகச் சூடேற வேண்டும் அன்றோ? ஏறவில்லை. சரிவர ஒப்பிட்டபோது வேறுபாடு ஒரு டிகிரியைக்கூட எட்டவில்லை. பெட்டி சூடாவதற்குப் பெருங்காரணம், உள்ளே சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமையே என்பது அவர் முடிவு.

பாலிதீனுக்கு இது இன்னும் பொருந்தும். ஏனெனில் கலப்பற்ற பாலிதீன் தாள் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. காற்றை அடைத்தால் குடில் அடுப்பு. காற்றைத் திறந்துவிட்டால் குடில் குடை. அந்தக் கதவு நம் கையில் இருக்கிறது. தக்காளி 35 டிகிரிக்கு மேல் பூவை உதிர்க்கத் தொடங்கும். நாலு பக்கமும் மூடிய சிறு குடிலில், மழை ஓய்ந்து வெயில் காய்ந்தால் அந்த அளவை எட்ட நெடுநேரம் வேண்டாம். ஈரக்காற்று தேங்கி, கூரையின் உட்புறம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தால் பூஞ்சை நோய்க்கு நாமே பாய் விரித்தவர் ஆவோம்.

இதனால்தான், அட்டைப் பெட்டியில் மடித்து வைத்து, ஜிப் வைத்த கதவும் பச்சைக் கட்டம் போட்ட உறையுமாக விற்கும் ஆயத்தக் குடில்கள் நமக்கு ஆகா என்கிறேன். படத்தில் அவை கண்ணைப் பறிக்கும். அவை குளிர்நாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு எண்ணிச் செய்த வடிவம். கதவையும் இரண்டொரு சிறு சன்னலையும் விட்டால் காற்றுக்கு வழி இல்லை. குழாயோ விரலால் நசுக்கலாம் போல் இருக்கும். நமக்கு வேண்டியது மேலே தாள், நாலு பக்கமும் வலை, நிற்பதற்கு நல்ல சட்டம். இம்மூன்றையும் தனித்தனியே வாங்கிக் கட்டுவதே முறை.

இனித் தாளைப் பற்றி. என் பாடம் ஆகையால் இங்கே சற்று விரித்துரைப்பதைப் பொறுத்துக்கொள்க.

பாலிதீன் என்பது கரி அணுக்கள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தச் சங்கிலியை அறுக்கப் போதிய ஆற்றல் உண்டு. மாசற்ற பாலிதீன் அக்கதிரை உட்கொள்ளுவதில்லை; ஆனால் தாளாக வார்க்கும் சூட்டில் ஆங்காங்கே ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. அவ்விடங்கள் கதிரை விழுங்கி, அறுபட்ட நுனிகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு நுனியும் அடுத்த கண்ணியைத் தாக்குகிறது. இப்படிச் சங்கிலி துண்டு துண்டாகிறபோது, வளைந்து கொடுத்த தாள் நொறுங்கும் சருகாகிறது. தாராவிக் கூரைகளில் விரித்த தாள்கள் இரண்டொரு கோடைக்குப் பின் கையால் தொட்டால் பொடியாவது இதனாலேதான். தயாரிப்பாளர் இதற்கு மருந்தாக ஹால்ஸ் எனச் சுருக்கிச் சொல்லும் அமீன் சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவை அறுபட்ட நுனிகளைப் பிடித்து அடக்கிவிட்டு, மீண்டும் அடுத்த நுனியைப் பிடிக்க ஆயத்தமாகின்றன. தாளின் ஆயுள் இந்த மருந்தில் இருக்கிறதே அன்றி, தடிப்பில் மட்டும் இல்லை. தடித்த தாள், மருந்தில்லாவிட்டால், தடித்த சருகாகும், அவ்வளவுதான் வேறுபாடு.

மருந்து உண்டா இல்லையா என்று கடையில் கண்ணால் காண இயலாது. சில கடைக்காரர் மஞ்சள் சாயையைக் காட்டி, “பார், யூ.வி. தாள்” என்பர். முற்காலத்து மருந்துகளில் சிலவற்றுக்கு அந்த நிறம் இருந்தது மெய்யே. இன்று சாயம் சேர்த்தால் எந்தத் தாளும் மஞ்சளாகும். ஆகவே நிறத்தை நம்பாமல் எழுத்தை நம்புக. தயாரிப்பாளர் பெயர், தடிப்பு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை பில்லில் இருக்க வேண்டும். பசுமைக்குடில் தாளுக்கு ஐ.எஸ். 15827 என்றும், நிழல்வலைக்கு ஐ.எஸ். 16008 என்றும் இந்தியத் தர அளவைகள் உள்ளன. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், தெரிந்து வந்தவன் என்று கடைக்காரரும் உணர்ந்துகொள்வார்.

தடிப்பையோ நாமே கண்டுபிடிக்கலாம். மைக்ரோமீட்டர் கருவி வேண்டாம், தராசு போதும். குடில் தாள் வழக்கமாக 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பாலிதீன் ஒரு கன சென்டிமீட்டர் 0.92 கிராம். ஆதலால் ஒரு சதுர மீட்டர்த் தாள் 184 கிராம் நிறுக்க வேண்டும். நமக்குத் தேவை 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 20 சதுர மீட்டர். எடை 3 கிலோ 680 கிராம். மிகச் சிறிய ஏற்றத்தாழ்வைப் பொறுக்கலாம். 2 கிலோ 760 கிராம்தான் இருக்கிறது என்றால், உமக்குக் கொடுத்தது 200 அன்று, 150 மைக்ரான். இன்னும் சில கடைகளில் கேஜ் என்ற பழைய அளவு வழங்குகிறது. 100 கேஜ் 25 மைக்ரானுக்குச் சமம், எனவே 800 கேஜ் கேட்க வேண்டும். தராசைக் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் தாள் வாங்க வேண்டாம்.

ஒளியைச் சிதறடிக்கும் பால்நிறத் தாள் கிடைத்தால் அதனையே கொள்க. பளிங்கு போன்ற தாளைவிட அது அழகில் குறைவே. ஆனால் அடியிலை வரை ஒளி பரவும். நீலத் தார்ப்பாய் மழையை நன்றாகத் தடுக்கும், ஒளியையும் தடுத்துவிடும். அது வீட்டுக்கூரைக்கு ஆகும், செடிக்கு ஆகாது. இன்னொன்று: கந்தகத் தூளும் குளோரின் சேர்ந்த பூச்சிமருந்தும் ஹால்ஸ் மருந்தைக் கெடுக்கும். குடிலுக்குள் அவற்றைத் தெளித்துவிட்டு, உத்தரவாதக் காலத்துக்கு முன்பே தாள் கிழிந்ததென்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை.

சட்டத்துக்கு மூன்று வகை உண்டு. மூங்கில் மலிவு; மும்பையில் சாரம் கட்டுவோரிடமே கிடைக்கும்; ஆனால் இந்த மழையில் நெடுங்காலம் உழைக்காது. பி.வி.சி. குழாய் வளைக்க எளிது. ஆனால் அது தொடும் இடத்தில் பாலிதீன் விரைவில் நலிகிறது, வெயிலில் தானும் தொய்கிறது. கையில் பணம் இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே, அதாவது ஜி.ஐ. குழாயே, சிறந்தது. பூச்சு உள்ளும் புறமும் இருக்கிறதா என்று குழாயின் வாயில் பார்க்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊர் இது. துளையிட்ட இடத்திலும் அறுத்த முனையிலும்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கெல்லாம் துத்தநாக வண்ணம் பூசுக. வெயிலில் காயும் இரும்பு தாளைச் சுடும். தாள் படியும் மேற்புறத்துக்கு வெள்ளை வண்ணம் அடித்தால் அந்தச் சூடு தணியும். தாளை ஆணியடித்தோ கம்பியால் குத்தியோ கட்டவே கூடாது. அலுமினியப் பள்ளத்தில் தாளை வைத்து, ஜிக்ஜாக் ஸ்பிரிங் என்னும் வளைந்த கம்பியை அழுத்திப் பொருத்துவது ஒரு முறை. அதில் தாள் கிழிவதில்லை; வேண்டும்போது இருவர் சேர்ந்து விரைவாகக் கழற்றிவிடலாம். இந்தக் கழற்றும் வசதியைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். காரணம் காற்று.

2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பைக் கரையோரமாகச் சென்றபோது, கொலாபாவில் மணிக்கு 114 கி.மீ. வேகத்தில் காற்று வீசிற்று. விநாடிக்கு ஏறத்தாழ 32 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கக் கிடைக்கும் என்பது பொறியாளர் கணக்கு. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 நியூட்டன், அதாவது 60 கிலோ எடையளவு. நம் குடிலின் பக்கம் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். 10 சதுர மீட்டர். பக்கத்திலும் தாளைக் கட்டி அடைத்திருந்தால் 600 கிலோ தள்ளுகிறது. வளைந்த வடிவம் ஆகையால் சிறிது குறையும் என்றே வைத்துக்கொள்வோம். மாடித் தளத்தில் துளையிட்டால் நீர்க்கசிவு வரும் என்று கட்டடச் சங்கத்தார் விடமாட்டார்கள். ஆகவே டின்னில் கான்கிரீட் நிரப்பிக் குழாயை நட வேண்டும். 20 லிட்டர் டின் 48 கிலோ. பன்னிரண்டு டின் வைத்தாலும் அந்தக் காற்றின் விசைக்குச் சற்றுக் குறைவே; கான்கிரீட் தளத்தில் வழுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்தால் பன்னிரண்டும் போதா.

செம்பூருக்கு அடுத்த காட்கோபரில் 2024 மே 13 அன்று வீசிய புழுதிக்காற்றில் விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் நிலையத்தின்மேல் விழுந்து 17 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மாடியிலிருந்து ஒரு குழாய்ச் சட்டம் பறந்து தெருவில் விழுந்தால், கீழே போகிறவர் நம் கீரையைத் தின்றவர்கூட அல்லர். எனவே பக்கங்களில் தாள் கூடவே கூடாது, வலைதான். புயல் எச்சரிக்கை வந்தால் மேல்தாளையும் கழற்றிச் சுருட்டிவிட வேண்டும். தாளில்லாத குழாய்ச் சட்டத்தைக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. யார் கழற்றுவது என்று முன்கூட்டியே இரண்டு பெயரை எழுதி மாடிப்படியில் ஒட்டுவது நன்று. தேர்வுக் காலத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்பியிருப்போம்.

கூரையில் சரிவும் வேண்டும். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். தாள் தொய்ந்து குழிந்த இடத்தில் நீர் தேங்கினால் அடுத்த மழைக்குள் அது தொட்டியாகிவிடும். பிறகு கிழிவது தாளா, வளைவது குழாயா என்பதுதான் கேள்வி.

எடை என்று வந்ததால் மண்ணைப் பற்றி ஒரு சொல். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டட விதி கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. ஈர மண்ணைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் பரப்பினாலே 170 கிலோ ஆகிறது. ஆகவே மாடி முழுதும் மண் பரப்புவது தகாது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னைநார்க் கழிவைப் பாதிக்குமேல் கலந்து, சுவர் ஓரங்களில் தொட்டிகளை வைக்கலாம். பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வலையில் இரண்டு வகை. பக்கங்களுக்குப் பூச்சிவலை, 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்தில் 40 கண். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈ அதில் நுழைவது அரிது. இன்னும் நெருக்கமான வலையை வாங்கினால் பூச்சியோடு காற்றும் நின்றுவிடும். சுரைக்கும் பாகற்கும் தேனீ வந்தாக வேண்டும். அவற்றைக் குடிலுக்கு வெளியே பந்தலில் விடுக. மற்றது வெயிலுக்கு நிழல்வலை; கீரைக்கு 50 விழுக்காடு, தக்காளிக்கு 35 போதும். பலர் இந்தப் பச்சை வலையை ஆண்டு முழுதும் விரித்து வைக்கிறார்கள். மேகம் மூடிய ஜூலையில் செடிக்குக் கிடைப்பதே அரை வயிற்று ஒளி. அதிலும் பாதியை வலை பிடுங்கினால் செடி மெலிந்து நீண்டு விழும்.

ஆகவே சட்டம் நிலையாக நிற்க, மேற்போர்வை பருவத்துக்குப் பருவம் மாற வேண்டும். மும்பையில் பருவமழை தொடங்கும் நாள் வழக்கப்படி ஜூன் 11. விலகும் நாள் அக்டோபர் 8. மே மாதக் கோடைக் காற்றுகள் ஓய்ந்து, மழை நிலைபெற்ற பின் தாளை ஏற்றலாம். அக்டோபரில் தாளைக் கழுவிச் சுருட்டி, நிழலில் வைத்துவிட்டு, அந்த மாதத்து வெயிலுக்கு நிழல்வலையை விரிக்கலாம். டிசம்பர், சனவரியில் ஒன்றும் வேண்டாம்; அந்த வெயில் கீரைக்கு அமுதம். மார்ச்சு முதல் மறுபடி வலை. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தாள் ஆண்டில் நாலு மாதமே வெளியில் கிடக்கிறது. அந்த மாதங்களிலும் மேகம் கதிரைக் குறைக்கிறது. ஓயாத வெயிலுக்கென்று மூன்றாண்டு உத்தரவாதம் தந்த தாள், நம் மாடியில் அதற்கு மேலும் உழைக்கும் என எதிர்பார்ப்பதில் பிழையில்லை.

ஆகவே என் யோசனை இது: சந்தாப் பணத்தில் பெரும் பங்கைக் குழாய்க்கும் பொருத்தும் பள்ளத்துக்கும் செலவிடுங்கள், தாளுக்கு அடுத்த பங்கு, வலைக்கு மிச்சம். ஏழடிக்குக் குறையாத உயரம் வையுங்கள். தாழ்ந்த குடிலில் சூடு தலைக்குமேலேயே நிற்கும், ஆளும் குனிந்து குனிந்து முதுகு ஒடியும். முதல் ஆண்டில் தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் மணத்தக்காளியும் போதும்.

தாள் முடிவில் கிழிந்தபின் அதனைக் குப்பையில் எறிய வேண்டாம். தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்னும் பகுதியில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, குருணையாக்கும் தொழிற்கூடங்கள் உள்ளன. அங்கே வேலை செய்வோர் ஒரு துண்டைக் கொளுத்தி முகர்ந்தே இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவர். பாலிதீன் மெழுகுவத்தியைப் போல மணக்கும். மண் போகக் கழுவி, ஜிக்ஜாக் கம்பியை நீக்கிக் கொடுத்தால் எடைக்குக் காசு கிடைக்கும்.